மூன்று குளிர்காலங்கள்: ஓக்லாண்ட் அணி தன் வீரர்களை இழந்த விதம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள ஓக்லாண்ட் நகரின் கொலிசியம் விளையாட்டரங்கில் 2024 செப்டம்பர் 26 ஆம் தேதி நடந்த பேஸ்பால் ஆட்டத்தைக் காண 46,889 பேர் திரண்டிருந்தார்கள். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியை 3-2 என்ற கணக்கில் ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் வென்றது. அந்நகரில் அந்த அணி ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். 1968 இல் கான்சாஸ் சிட்டியிலிருந்து ஓக்லாண்டுக்கு வந்த அணி, 57 ஆட்டப் பருவங்களுக்குப் பின்னர் அந்நகரை விட்டு வெளியேறியது.

நான்கு முறை வேர்ல்ட் சீரிஸ் பட்டத்தை அந்நகருக்குப் பெற்றுத் தந்த ஓர் அணி ஏன் இப்படிச் சென்றது என்ற கேள்விக்கு விடை தேடுபவர்கள் ஆட்டங்களின் முடிவுகளைப் பார்ப்பதைவிட, ஆட்டங்களே நடைபெறாத மாதங்களில் என்ன நடந்தது என்று பார்ப்பது பயனுள்ளதாக இருக்கும். வேர்ல்ட் சீரிஸ் இறுதிப் போட்டி முடிவதற்கும் அடுத்த வசந்தகாலத்தில் புதிய பருவம் தொடங்குவதற்கும் இடைப்பட்ட குளிர்கால மாதங்களை அமெரிக்கர்கள் 'ஹாட் ஸ்டவ்' பருவம், அதாவது சூடான அடுப்புப் பருவம் என்று அழைப்பதுண்டு. குளிருக்கு அடுப்பைச் சுற்றி அமர்ந்து, எந்த வீரர் எந்த அணிக்குச் செல்வார் என்று பேசிக்கொண்டிருந்த பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. ஓர் அணியின் வருங்காலம் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் முடிவாகிறது.

ஆறு ஆண்டுக் கணக்கு

இதனைப் புரிந்துகொள்ள பேஸ்பால் வீரர்களின் ஒப்பந்த முறை குறித்துச் சற்று அறிந்திருக்க வேண்டும். மேஜர் லீக் எனப்படும் உயர்மட்டப் போட்டிகளில் அடியெடுத்து வைக்கும் ஒரு வீரர் ஏறக்குறைய முதல் மூன்று ஆண்டுகளுக்கு, அவர் எவ்வளவு சிறப்பாக ஆடினாலும், குறைந்தபட்ச ஊதியத்தையோ அதற்குச் சற்று கூடுதலான தொகையையோ மட்டுமே பெறுவார். 2002 இல் இந்தக் குறைந்தபட்ச ஊதியம் ஆண்டுக்கு 200,000 டாலர்களாக இருந்தது. 2025 இல் அது 760,000 டாலர்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில், ஊதியம் குறித்து உடன்பாடு ஏற்படாவிட்டால், நடுவர் ஒருவரிடமோ நடுவர் குழுவிடமோ முறையிடும் உரிமை வீரருக்கு உண்டு. ஆறு ஆண்டுகள் நிறைவடைந்த பின்னரே அவர் 'ஃப்ரீ ஏஜெண்ட்' ஆகிறார், அதாவது விரும்பிய அணியுடன் விரும்பிய தொகைக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தைப் பெறுகிறார்.

ஐ.பி.எல். கிரிக்கெட்டைப் பின்தொடரும் நேயர்களுக்கு இங்கே ஒரு முக்கிய வேறுபாடு தென்படும். ஐ.பி.எல். ஏலத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே அளவு தொகைதான் அனுமதிக்கப்படுகிறது. அமெரிக்க பேஸ்பாலில் அத்தகைய உச்சவரம்பு கிடையாது. குறிப்பிட்ட ஒரு தொகைக்கு மேல் ஊதியம் வழங்கும் அணிகள் ஒரு வரியைச் செலுத்த வேண்டும், அவ்வளவே. ஐரோப்பியக் கால்பந்தைப் போல, செல்லும் வீரருக்காகப் புதிய அணி பழைய அணிக்குப் பணம் கொடுக்கும் வழக்கமும் ஃப்ரீ ஏஜெண்டுகள் விஷயத்தில் இல்லை. ஒப்பந்தம் முடிந்த வீரர் போகும்போது, பழைய அணியிடம் மிஞ்சுவது, விதிகள் இடம்கொடுத்தால், புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' நிகழ்ச்சியில் கூடுதலாக ஓர் இடம் மட்டுமே.

ஆகவே வருவாய் குறைந்த ஓர் அணியின் பொது மேலாளர், தன்னிடம் வளர்ந்த நட்சத்திர வீரர் ஒவ்வொருவர் விஷயத்திலும் ஒரு நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆறாம் ஆண்டின் இறுதிவரை வைத்திருந்தால் அவருடைய ஆட்டத்தின் முழுப் பயனும் கிடைக்கும். ஆனால் அவர் போகும்போது கை ஏறக்குறைய வெறுமையாகிவிடும். ஓரிரு ஆண்டுகளுக்கு முன்னதாகவே வேறு அணிக்குக் கொடுத்தால், பதிலுக்கு மூன்று நான்கு இளைஞர்கள் கிடைப்பார்கள். அவர்களுடைய ஆறு ஆண்டுக் கணக்கு அப்போதுதான் தொடங்கியிருக்கும். அந்த இளைஞர்கள் நன்றாக ஆடுவார்களா என்பதை எவராலும் உறுதியாகக் கூற முடியாது. ரசிகர்களுக்கோ, தாங்கள் நேசித்த வீரர் போய்விட்டார் என்பது மட்டும்தான் உறுதியாகத் தெரியும்.

ஃபின்லியின் குளிர்காலம்

இந்த முறையின் பிறப்பிலேயே ஓக்லாண்ட் அணிக்குப் பங்கு இருக்கிறது. 1970களின் நடுப்பகுதி வரை ஒரு வீரர் தன் அணிக்கு ஆயுள் முழுவதும் கட்டுப்பட்டவராக இருந்தார். ஒப்பந்தம் முடிந்தாலும் அதை அணி தன்னிச்சையாகப் புதுப்பித்துக்கொள்ள 'தக்கவைப்பு விதி' இடமளித்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் கறுப்பின வீரர் கர்ட் ஃப்ளட், 1969 இல் தன்னைக் கேட்காமலேயே ஃபிலடெல்ஃபியா அணிக்கு மாற்றியதை ஏற்க மறுத்து நீதிமன்றம் சென்றார். 1972 இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் 5-3 என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

நீதிமன்றத்தில் கிடைக்காதது நடுவர் மன்றத்தில் கிடைத்தது. 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பட்டம் வென்றிருந்த ஓக்லாண்ட் அணியின் உரிமையாளர் சார்லி ஃபின்லி, தன் முன்னணிப் பந்துவீச்சாளர் கேட்ஃபிஷ் ஹண்டருக்காக ஒப்பந்தப்படி செலுத்த வேண்டிய 50,000 டாலர் காப்பீட்டுத் தொகையைச் செலுத்தவில்லை. ஒப்பந்தம் மீறப்பட்டதால் ஹண்டர் சுதந்திரமானவர் என்று நடுவர் பீட்டர் சைட்ஸ் 1974 டிசம்பரில் அறிவித்தார். அந்த ஆண்டின் கடைசி நாளில் நியூயார்க் யாங்கீஸ் அணி 3 மில்லியன் டாலர்களுக்கும் அதிகமான தொகைக்கு அவரை ஒப்பந்தம் செய்தது. ஒரு வீரரின் சந்தை மதிப்பு உண்மையில் எவ்வளவு என்பது அன்றுதான் மற்ற வீரர்களுக்கும் தெரிய வந்தது. சரியாக ஓராண்டுக்குப் பின்னர், 1975 டிசம்பரில், அதே சைட்ஸ் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னல்லி ஆகிய இரு பந்துவீச்சாளர்களின் வழக்கில் தக்கவைப்பு விதியையே செயலிழக்கச் செய்தார்.

தன் வீரர்கள் அனைவரும் விரைவில் போய்விடுவார்கள் என்பதை உணர்ந்த ஃபின்லி முந்திக்கொள்ள முயன்றார். 1976 ஜூனில் வைடா ப்ளூவை யாங்கீஸ் அணிக்கு 1.5 மில்லியன் டாலர்களுக்கும், ஜோ ரூடி, ரோலி ஃபிங்கர்ஸ் இருவரையும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்குத் தலா ஒரு மில்லியன் டாலர்களுக்கும் விற்றார். பேஸ்பால் நலனுக்கு உகந்ததல்ல என்று கூறி ஆணையர் பௌவி கூன் அந்த விற்பனையை ரத்து செய்துவிட்டார். அந்தப் பருவம் முடிந்ததும் ரூடி, ஃபிங்கர்ஸ், சால் பாண்டோ, பெர்ட் கம்பனேரிஸ், ஜீன் டெனஸ் ஆகியோர் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். 1977 இல் அணி தன் பிரிவில் கடைசி இடம் பெற்றது. அந்த ஆண்டுதான் புதிதாகத் தோன்றிய சியாட்டில் அணிகூட அதற்கு மேலே இருந்தது. 1979 ஏப்ரலில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 653 என்று அறிவிக்கப்பட்டது.

ஃபின்லி கஞ்சத்தனத்துக்குப் பேர்போனவர் என்பதால் அவர் மீது இரக்கம் கொள்வோர் குறைவு. ஆயினும் 1976 இல் அவர் செய்ய முயன்றதைத்தான், அதாவது போகவிருக்கும் வீரரைப் போவதற்கு முன்பே பயனாக மாற்றிக்கொள்வதைத்தான், பிற்காலத்தில் எல்லாச் சிறிய அணிகளும் இளம் வீரர்களைப் பெற்றுக்கொள்வதன் மூலம் செய்யத் தொடங்கின.

2001: மூவர் போனபோது

இரண்டாவது குளிர்காலம் உலகப் புகழ் பெற்றது. 2001 இல் ஓக்லாண்ட் 102 ஆட்டங்களை வென்றிருந்தது. முதல் சுற்றில் யாங்கீஸ் அணிக்கெதிராக இரண்டு ஆட்டங்களில் முன்னிலை பெற்றும், அடுத்த மூன்றிலும் தோற்று வெளியேறியது. பின்னர் சில வாரங்களிலேயே மூன்று முக்கிய வீரர்கள் ஃப்ரீ ஏஜெண்டுகளாகச் சென்றார்கள். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வான ஜேசன் ஜியாம்பியை ஏழு ஆண்டுகளுக்கு 120 மில்லியன் டாலர்கள் கொடுத்து யாங்கீஸ் எடுத்துக்கொண்டது. ஜானி டேமன் நான்கு ஆண்டுகளுக்கு 31 மில்லியனுக்கு பாஸ்டன் சென்றார். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் பந்து வீசும் ஜேசன் இஸ்ரிங்ஹாசன் நான்கு ஆண்டுகளுக்கு 27 மில்லியனுக்கு செயின்ட் லூயிஸ் சென்றார். ஓக்லாண்ட் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஓர் ஆண்டுக்குச் செலவிட்ட தொகை சுமார் 40 மில்லியன் டாலர்கள்தான். யாங்கீஸ் அணி அதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகமாகச் செலவிட்டது.

பொது மேலாளர் பில்லி பீன், அவருடைய உதவியாளர் பால் டிபொடெஸ்டா இருவரும் ஜியாம்பிக்கு இணையான ஒருவரைத் தேடவில்லை. அப்படி ஒருவர் அவர்களுடைய விலையில் கிடைக்கமாட்டார். ஜியாம்பியின் ஆட்டத்தில் எந்த அம்சத்துக்குச் சந்தையில் விலை குறைவாக இருக்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். பேஸ்பாலில் வழக்கமான ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு 27 அவுட்கள் உண்டு. அவுட் ஆகாமல் பேஸை எட்டுவதே ஓட்டங்களுக்கு அடிப்படை. ஆனால் அக்காலத்தில் பந்தை அடித்து பேஸை எட்டியவரைப் புகழ்ந்த அளவுக்கு, நான்கு தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு 'வாக்' முறையில் பேஸை எட்டியவரை எவரும் புகழவில்லை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே செல்லும் பந்தை விட்டுவிடும் டெஸ்ட் தொடக்க ஆட்டக்காரருக்கு அதற்காக ஓட்டம் கிடைப்பதில்லை. பேஸ்பாலில் அந்தப் பொறுமைக்கு நேரடியான பலன் உண்டு. அந்தப் பலனுக்குரிய விலையைச் சந்தை அப்போது கொடுக்கவில்லை.

ஸ்காட் ஹேட்டிபெர்க் அப்படித்தான் வந்தார். பாஸ்டனில் கேட்சராக ஆடிய அவருக்கு முழங்கையில் நரம்பு பாதிக்கப்பட்டதால் பந்தைச் சரியாக எறிய முடியாமல் போயிற்று. பாஸ்டன் அவரைக் கொலராடோ அணிக்கு அனுப்ப, அந்த அணியும் அவருக்கு ஒப்பந்தம் வழங்காமல் விட்டுவிட்டது. ஒரு மில்லியனுக்கும் குறைவான ஊதியத்துக்கு ஓக்லாண்ட் அவரை எடுத்து, அவர் அதுவரை ஆடிப் பழகாத முதல் பேஸில் நிறுத்தியது. 2002 இல் அவர் பேஸை எட்டிய விகிதம் .374. வயது முதிர்ந்துகொண்டிருந்த டேவிட் ஜஸ்டிஸ் நியூயார்க் மெட்ஸ் அணியிலிருந்து பரிமாற்றம் மூலம் வந்தார், அவருடைய விகிதம்.376. இஸ்ரிங்ஹாசனின் இடத்துக்கு டொரொண்டோவிலிருந்து பில்லி காக் வந்து, 44 ஆட்டங்களை வெற்றியுடன் முடித்துவைத்தார்.

காக் இலவசமாக வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவருக்காகக் கொடுக்கப்பட்ட எரிக் ஹின்ஸ்கி 2002 இல் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுக வீரர் விருதை டொரொண்டோவுக்காகப் பெற்றார். வெளியேறிய மூவருக்கும் இழப்பீடாகக் கிடைத்த இடங்களையும் சேர்த்து 2002 டிராஃப்டின் முதல் சுற்றில் ஏழு பேரை ஓக்லாண்ட் தேர்ந்தெடுத்தது. அவர்களில் நிக் ஸ்விஷர், ஜோ பிளாண்டன் இருவரும் பல ஆண்டுகள் மேஜர் லீகில் நிலைத்தார்கள். வேறு சிலர் மேஜர் லீகை எட்டவே இல்லை.

2002 பருவத்தில் ஓக்லாண்ட் 103 ஆட்டங்களை வென்றது. யாங்கீஸ் வென்றதும் சரியாக 103. ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 4 வரை தொடர்ச்சியாக 20 வெற்றிகளைப் பெற்று அமெரிக்கன் லீகில் புதிய சாதனை படைத்த அணிக்கு, இருபதாவது வெற்றியை ஹேட்டிபெர்கின் ஹோம் ரன்தான் பெற்றுத் தந்தது. ஆனால் இரு அணிகளும் முதல் சுற்றிலேயே வெளியேறின.

மைக்கேல் லூயிஸ் 2003 இல் எழுதிய 'மணிபால்' நூலும், பிராட் பிட் நடித்து 2011 இல் வெளிவந்த திரைப்படமும் இந்தக் குளிர்காலத்தைப் புராணமாக்கிவிட்டன. அந்தப் புராணத்தில் போதிய இடம் பெறாத உண்மை ஒன்று உண்டு. பேரி ஸீட்டோ, மார்க் மல்டர், டிம் ஹட்சன் ஆகிய மூன்று இளம் பந்துவீச்சாளர்கள் 2002 இல் மொத்தம் 57 வெற்றிகளைப் பெற்றார்கள். அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது மிகேல் டெஹாடாவுக்குக் கிடைத்தது. இவர்கள் எல்லோரும் ஆறு ஆண்டுக் கணக்குக்குள் இருந்தவர்கள், எனவே மலிவானவர்கள். ஹேட்டிபெர்கைக் கண்டுபிடித்தது புத்திசாலித்தனம்தான். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு இடமளித்தது இளம் வீரர்களின் குறைந்த ஊதியம்.

அந்தக் கணக்கும் தீர்ந்தது. டெஹாடா 2003 முடிவில் 72 மில்லியனுக்கு பால்டிமோர் சென்றார். 2004 டிசம்பரில் இரண்டே நாள் இடைவெளியில் ஹட்சன் அட்லாண்டாவுக்கும் மல்டர் செயின்ட் லூயிஸுக்கும் மாற்றப்பட்டார்கள். மல்டரின் தோள்பட்டை விரைவிலேயே செயலிழக்க, அவருக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவரான டான் ஹேரன் சிறந்த பந்துவீச்சாளராக உருவானார். ஸீட்டோ 2006 முடிவில் 126 மில்லியனுக்குப் பக்கத்து நகரமான சான் ஃப்ரான்சிஸ்கோவுக்குச் சென்றார். இதற்கிடையே பாஸ்டன் அணி ஓக்லாண்டின் அணுகுமுறையைத் தன்னிடமிருந்த பணத்துடன் சேர்த்துக்கொண்டு, 86 ஆண்டுகளுக்குப் பின் 2004 இல் பட்டம் வென்றது. பணக்கார அணிகளும் அதே கணக்கைப் போடத் தொடங்கிய பிறகு, ஏழை அணிக்கு அதில் முன்பிருந்த அனுகூலம் இல்லாமல் போயிற்று.

பழைய கொலிசியத்துக்குப் பதிலாகப் புதிய அரங்கம் கட்டினால் வருவாய் கூடும் என்று அணி நிர்வாகம் கூறி வந்தது. தமிழர்கள் உட்பட இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ஃப்ரீமாண்ட் நகருக்குச் செல்லும் திட்டம் 2006 இல் அறிவிக்கப்பட்டு 2009 இல் கைவிடப்பட்டது. சான் ஹோசே நகரம், சான் ஃப்ரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியின் பிரதேச உரிமை காரணமாகக் கைகூடவில்லை.

2022: விற்பனை மட்டும் எஞ்சியபோது

2021 இல் 86 ஆட்டங்களை வென்ற அணி அது. உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தத் தகராறால் 99 நாட்கள் நீடித்த கதவடைப்பு 2022 மார்ச் 10 ஆம் தேதி முடிவுக்கு வந்தது. பன்னிரண்டாம் தேதி கிறிஸ் பாசிட் மெட்ஸ் அணிக்கும், பதினான்காம் தேதி மாட் ஓல்சன் அட்லாண்டாவுக்கும், பதினாறாம் தேதி மாட் சாப்மன் டொரொண்டோவுக்கும் அனுப்பப்பட்டார்கள். ஏப்ரலில் ஷான் மனேயாவும், ஆகஸ்டில் ஃப்ராங்கி மோன்டாஸும், டிசம்பரில் கேட்சர் ஷான் மர்ஃபியும் போனார்கள்.

ஓல்சன் வந்த மறுநாளே அட்லாண்டா அவருடன் எட்டு ஆண்டுகளுக்கு 168 மில்லியன் டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஓக்லாண்ட் வளர்த்த வீரருக்கு நீண்டகால ஒப்பந்தம் கொடுக்க வேறோர் அணிக்கு 24 மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை என்பது ரசிகர்களை மிகவும் காயப்படுத்தியது. மர்ஃபி விஷயத்தில் அணியின் கணிப்பே கேள்விக்குரியது. மூன்று அணிகள் பங்கேற்ற அந்தப் பரிமாற்றத்தில், அட்லாண்டா விட்டுக்கொடுத்த இளம் கேட்சர் வில்லியம் கான்ட்ரெராஸ் ஓக்லாண்டுக்கு வராமல் மில்வாக்கிக்குச் சென்றார். ஓக்லாண்டுக்கு வந்த எஸ்டூரி ரூயிஸ் 2023 இல் 67 பேஸ்களைத் திருடினார். ஆனால் கான்ட்ரெராஸ் ஆண்டுதோறும் தன் அணியின் தூண்களில் ஒருவராக விளங்கினார். விற்பவரைவிட இடைத்தரகர் அதிகம் பயனடைந்த பரிமாற்றம் என்றே அதைச் சொல்ல வேண்டும்.

2022 இல் 102 தோல்விகள், 2023 இல் 112 தோல்விகள். பரிமாற்றங்கள் மோசமாக அமைந்தது மட்டும் இதற்குக் காரணமல்ல. 2001 இல் ஜியாம்பி போனபோது எஞ்சிய பணம் ஜஸ்டிஸ், காக் போன்றவர்களை நாடிச் சென்றது. 2022 இல் போனவர்களின் இடத்துக்கு அப்படி எவரும் வாங்கப்படவில்லை. உரிமையாளர் ஜான் ஃபிஷரின் கவனம் லாஸ் வேகஸ் நகரின் மீது இருப்பது 2023 ஏப்ரலில் பகிரங்கமானது. அரங்கத்துக்கு யாரும் வருவதில்லை என்ற வாதத்துக்குப் பதிலளிக்கும் வகையில், ஜூன் 13 ஆம் தேதி ரசிகர்கள் 'தலைகீழ்ப் புறக்கணிப்பு' ஒன்றை நடத்தினார்கள்: புறக்கணிப்பதற்குப் பதிலாக 27,759 பேர் வந்து, அணியை விற்றுவிடுமாறு உரிமையாளரை நோக்கி முழக்கமிட்டார்கள். அதே வாரத்தில் நெவாடா மாநிலம் புதிய அரங்கத்துக்கு 380 மில்லியன் டாலர்கள் வரை பொதுப்பணம் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பரில் ஏனைய அணிகளின் உரிமையாளர்கள் இடமாற்றத்தை ஒருமனதாக அங்கீகரித்தார்கள்.

மோசமான அணியாக இருப்பதற்கும் இந்த முறையில் வெகுமதி உண்டு. தோல்விகள் மிகுந்த அணிக்கு டிராஃப்டில் முன்வரிசையில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். 2024 இல் நான்காவது இடத்தில் அந்த அணி தேர்ந்தெடுத்த நிக் கர்ட்ஸ், 2025 இல் 36 ஹோம் ரன்களுடன் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுக வீரரானார். ஓல்சனுக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவரான ஷே லாங்கலியர்ஸ் அதே ஆண்டில் 31 ஹோம் ரன்கள் அடித்தார். ஆக, 2022 இல் விதைத்ததில் ஒரு பகுதி விளைந்திருக்கிறது. விளைந்த இடம் சாக்ரமெண்டோவுக்கு அருகே சுமார் 14,000 பேர் மட்டுமே அமரக்கூடிய ஒரு சிறிய அரங்கம். 2025 முதல் அங்கே ஆடும் அணி எந்த நகரின் பெயரையும் தாங்காமல் 'அத்லெட்டிக்ஸ்' என்று மட்டும் அழைக்கப்படுகிறது. லாஸ் வேகஸ் அரங்கம் 2028 பருவத்துக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது.

இதில் மற்றொரு திருப்பமும் உண்டு. ஓக்லாண்டை விட்டு வெளியேறிய சில மாதங்களில், 2024 டிசம்பரில், பந்துவீச்சாளர் லூயிஸ் செவெரினோவுடன் மூன்று ஆண்டுகளுக்கு 67 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தை அந்த அணி செய்துகொண்டது. 2004 இல் எரிக் சாவேஸுக்கு ஆறு ஆண்டுகளுக்கு வழங்கப்பட்ட 66 மில்லியனே அதுவரை அந்த அணியின் மிகப் பெரிய ஒப்பந்தமாக இருந்தது. அடுத்த மாதமே பிரெண்ட் ரூக்கருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 60 மில்லியன் வழங்கப்பட்டது. திடீரென்று இந்தத் தாராளம் ஏன் என்பதற்குப் பார்வையாளர்கள் ஒரு விதியைச் சுட்டிக்காட்டினார்கள். பணக்கார அணிகளிடமிருந்து திரட்டி மற்றவற்றுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் வருவாயைப் பெறும் ஓர் அணி, அந்தத் தொகையைப்போல் ஒன்றரை மடங்காவது வீரர்களுக்குச் செலவிடவில்லையென்றால், வீரர்கள் சங்கம் அதன் மீது முறையீடு செய்யலாம்.

அந்த விதி இடம்பெற்றுள்ள தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 ஆம் தேதி வரைக்கானது. அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று உரிமையாளர்களில் பலர் விரும்புகிறார்கள். வீரர்கள் சங்கம் 1994 இல் இதே பிரச்சினைக்காக வேலைநிறுத்தம் செய்து, அந்த ஆண்டின் வேர்ல்ட் சீரிஸே நடைபெறாமல் போனது.